பார்த்துக் கொடுங்கள்!

நம் கிராமங்களில் பிணத்தை எரிக்க ஆள் வேண்டும். எரித்த ஆள் நம் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது. பறை முழங்காமல் பாடை தெருவைத் தாண்டக் கூடாது; பறை அடித்தவன் அதே தெருவில் செருப்புக் காலோடு நடந்தால் நமக்குக் கண் சிவக்கும். இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டு, அதற்குச் சம்பிரதாயம் என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். நான் அதை அக்கிரமம் என்கிறேன்.

பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அக்கிரமம் எப்போதும் அடுத்த ஜில்லாவில்தானே நடக்கிறது! ஆகையால் ஊரைச் சொல்லியே பேசுகிறேன். புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர்: இரண்டு கொம்யூன்கள், அவற்றைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளைகிற கிராமங்கள்.

வில்லியனூர் ரயில் நிற்கிற ஊர். 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தது. இந்தியாவில் ரயில் ஓட ஆரம்பித்தால் பரம்பரைத் தொழில் பிரிவும், அதன்மேல் நிற்கிற ஜாதியும் கரைந்து போகும் என்று கார்ல் மார்க்ஸ் 1853-லேயே எழுதி வைத்தார். பாதி பலித்தது. ரயில் பெட்டிக்குள் யார் தோள் யார்மேல் இடிக்கிறது என்று இன்று யாரும் கேட்பதில்லை. சாவுச் செய்தி கேட்டு வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லா ஜாதியாரோடும் நெருக்கியடித்துக் கொண்டுதான் வருகிறார்கள். வண்டியை விட்டு இறங்கிச் சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது. பாகூருக்கு ரயில் இல்லை. ஆனால் பழம் பெருமை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், அங்கே இருந்த கல்லூரிக்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்டதைச் செப்பேடு சொல்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லூரி கண்ட பூமி! அங்கேயும் குழி வெட்டுகிறவன் மகன் குழி வெட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்துச் சாவு வீட்டை நன்றாகக் கவனியுங்கள். அங்கே இரண்டு விதமான குடும்பத் தொழில்கள் நடக்கின்றன.

ஒன்று கடைத்தெருவில் இருக்கிறது. ஐஸ் பெட்டி, சாமியானா பந்தல், நாற்காலி, சொர்க்க ரதம் என்று எழுதிய வண்டி எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். அப்பா ஆரம்பித்த கடை, மகன் பார்க்கிறான். பலகையில் குடும்பப் பெயரோ குலசாமி பெயரோ பெரிதாக எழுதியிருக்கும். "அண்ணே, பெட்டிக்கு ஒரு நாள் வாடகை இவ்வளவு, வண்டிக்குத் தனி" என்று அவன் சொன்னால், யாரும் மறு பேச்சுப் பேசுவதில்லை. பேசினாலும் மரியாதையாகப் பேசுகிறார்கள். நாளைக்கே அவன் கடையை மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினால், ஊரே போய் மொய் எழுதும். இவனும் சாவில் பிழைக்கிறவன்தான். ஆனால் சாவின் தீட்டு இவன்மேல் ஒட்டுவதில்லை.

இன்னொரு குடும்பம் காலனியில் இருக்கிறது. சாவு விழுந்ததும் அங்கே ஆள் போகும். பறைக்கு நாலு பேர், குழிக்கோ சிதைக்கோ ஒருவர், சேதி சொல்ல ஒருவர். வண்ணார் வீட்டுக்கும் நாவிதர் வீட்டுக்கும் இதேபோல் தனித் தனியாக அழைப்புப் போகும். அழைப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது உத்தரவு. வேலை எல்லாம் முடிந்த பிறகு நடக்கிற சம்பாஷணை நீங்கள் கேட்டதுதான்.

"எவ்வளவுடா வேணும்?"

"ஐயா, நீங்க பார்த்துக் குடுங்க."

கேட்கிறவனுக்கு வயது இருபது இருக்கலாம். பதில் சொல்கிறவருக்கு அறுபது. அந்த 'டா'வை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 'பார்த்துக் குடுங்க' என்கிறாரே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். கொத்தனார் அப்படிச் சொல்வதில்லை. டிராக்டர்காரர் சொல்வதில்லை. ஐஸ் பெட்டிக்காரர் கனவிலும் சொல்ல மாட்டார். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லுகிற உரிமை இல்லாதவன் மட்டுமே 'பார்த்துக் கொடுங்கள்' என்கிறான். இது கூலியைப் பெறுகிற பேச்சன்று. பிச்சையைப் பெறுகிற பேச்சு. உழைத்தவனைப் பிச்சைக்காரனாக்கி, கொடுப்பவனைத் தர்மப்பிரபுவாக்குகிற வித்தை இந்த இரண்டே வார்த்தையில் இருக்கிறது.

அந்த உழைப்பு இன்னதென்று பிரேதத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறவர்களுக்குத் தெரியாது. வறட்டியும் விறகும் அடுக்குவதில் ஒரு கணக்கு உண்டு. அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, சேறு குழைத்துப் பூசி, புகை போகத் துளை விட வேண்டும். துளை பெரிதானால் நெருப்பு வீணாகும்; சிறிதானால் அணைந்து போகும். கொள்ளி வைத்த மகன் வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுச் சாப்பிடுகிறான். வைத்த கொள்ளி கடமையைச் செய்து முடிக்கும்வரை, நாயும் நரியும் வராமல் விடிய விடியக் காவல் இருப்பவன் வேறொருவன். மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஏரிப் பாசனத்துப் பூமியில் தண்ணீர் வடிகிற வரைக்கும் சாவு காத்திருக்காது. ஊறுகிற குழியில் இடுப்பளவு நின்று மண் அள்ளுகிறவனுக்குக் கையுறை உண்டா, காலுறை உண்டா, நாளைக்கு ஜுரம் வந்தால் விடுப்புச் சம்பளம் உண்டா? 'பார்த்துக் கொடுப்பவர்கள்' இதையெல்லாம் பார்ப்பதில்லை.

மேல்நாட்டிலும் சாவு குடும்பத் தொழில்தான். அமெரிக்காவின் சிறு ஊர்களில் தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பம் ஈமக்கிரியை நிலையம் நடத்துவதுண்டு. அங்கே எல்லாம் தர்ம ராஜ்யம் என்று நான் சொல்ல வரவில்லை. துக்கத்தில் தடுமாறுகிறவர்கள் தலையில் விலையுயர்ந்த பெட்டியைக் கட்டுகிறார்கள் என்று ஜெஸிகா மிட்ஃபோர்ட் என்ற அம்மையார் 1963-ல் ஒரு புத்தகமே எழுதி, அந்தத் தொழிலின் மானத்தை வாங்கினார். பிறகு 1984-ல், ஒவ்வொரு காரியத்துக்கும் தனித் தனியாக விலைப் பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த அரசாங்கம் விதி போட்டது. அங்கே சட்டம் வாடிக்கைக்காரனைத் தொழிலாளியிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே தொழிலாளியை வாடிக்கைக்காரனிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வித்தியாசம் இதுதான். அந்த ஊர்ப் பேரன் தாத்தாவின் தொழில் வேண்டாம் என்று வக்கீலாகப் போனால், யாரும் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று "அப்போ எங்க பொணத்தை எவன்டா எடுக்கிறது?" என்று கேட்க மாட்டார்கள்.

இனி, சம்பிரதாயத்தின் வக்கீல்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

"இது தாழ்வான வேலை என்று யார் சொன்னது? அரிச்சந்திர மகாராஜாவே செய்தார்" என்பது முதல் வாதம். ஆமாம், செய்தார். அதனால்தான் மயானத்து வாசலில் அரிச்சந்திரன் கோயில் இருக்கிறது. அங்கே பாடையை இறக்கி வைத்து, அவன் பெயரைச் சொல்லித்தான் காசு கொடுக்கிறோம். மயான காண்டம் கூத்து வைத்தால் விடிய விடிய உட்கார்ந்து, சந்திரமதியிடம் அவன் கூலி கேட்கிற கட்டத்தில் மூக்கைச் சிந்துகிறோம். ஆனால் அந்தக் கதையில் நாம் எதற்காக அழுகிறோம் என்பதை யோசித்தீர்களா? ஒரு ராஜா சுடுகாடு காக்கும்படி ஆயிற்றே என்றுதான் அழுகிறோம். கதை முடிவில் தேவர்கள் வந்து அவனுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். சுடுகாடு காப்பது அவ்வளவு கௌரவமான வேலையானால் அவனை அங்கேயே விட்டிருக்கலாமே! ராஜாவுக்கு அது சோதனை, காலனிக்காரனுக்கு அது குலதர்மம் என்றால், அந்த நியாயத்தை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்.

"பறை நம்முடைய ஆதிக் கலை, அதை விடச் சொல்வது கலைத் துரோகம்" என்பது இரண்டாவது வாதம். பறையைப் பற்றி எனக்கு ஒரு விரோதமும் இல்லை. படித்த இளைஞர்களும் பெண்களும் இன்று அதை மேடையில் ஏற்றி ஆடுகிறார்கள். கேட்க நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் மேடைக்கு வருகிறவன் வர மாட்டேன் என்றும் சொல்லலாம். வர முடியாது என்று சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிற அடிக்குக் கலை என்று பெயர் சூட்டுவது, நம் மனச்சாட்சிக்கு நாமே தாலாட்டுப் பாடுவதாகும்.

"அவர்களே விரும்பித்தான் வருகிறார்கள்" என்பது மூன்றாவது. விரும்பாமல் ஒரு தடவை இருந்து பார்க்கட்டும், பிறகு தெரியும். தமிழ்நாட்டில் பறையடிக்க மறுத்த குடும்பங்களுக்கு வயல் வேலை நின்றதும், கடையில் சாமான் கிடைக்காமல் போனதும், அடி விழுந்ததும் பழைய கதைகள் அல்ல.

நான்காவது வாதம்தான் உண்மையான வாதம். மற்ற மூன்றும் தோற்ற பிறகு அது வெளியே வருகிறது: "அவன் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?" இதைச் சொல்கிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கௌரவம், கலை, விருப்பம் எல்லாம் போய், நிர்ப்பந்தம் என்ற உண்மை அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. வேறு யாருமே செய்ய விரும்பாத வேலையை ஒரு ஜாதி மட்டும் தலைமுறை தலைமுறையாக விரும்பிச் செய்கிறது என்று சொன்னால் எந்தக் குழந்தை நம்பும்?

சட்டம் இதில் மௌனமாக இருக்கிறது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் சுடுகாட்டையும் இடுகாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே ஜாதியைக் காரணம் காட்டித் தடுப்பது குற்றம் என்றது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது இன்னும் தெளிவாகவே எழுதினார்கள். தாழ்த்தப்பட்டவரையோ பழங்குடியினரையோ பிணத்தை அகற்றவும் சுமக்கவும் வைப்பதும், குழி வெட்ட வைப்பதும் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அது அமுலில் இருக்கிறது. 'வற்புறுத்தி', 'கூலி கொடுக்காமல்' என்ற வால்கள்கூட அந்த வாசகத்தில் இல்லை. அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து அமுல் செய்தால், நம் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும்.

ஊர்ப் பிணத்தைச் சுமக்கிறவனுக்கு, தன் வீட்டுப் பிணத்தைச் சுமந்து செல்லப் பாதை இருக்கிறதா? அதுவும் இல்லாத இடங்கள் உண்டு. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரியில், ஒரு தாழ்த்தப்பட்ட முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டு போகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகும் போக விடவில்லை. போலீசாரே உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், வயல் வழியே விடாததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. இது இந்துக்கள் விவகாரம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே ஜாதிக்குச் சுவர் வைத்தார்கள். உயிர்த்தெழும் நாளிலும் தனி வரிசை வேண்டும் போலிருக்கிறது!

இப்போது என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையை யார் செய்வது? கொம்யூன் செய்ய வேண்டும் என்பது என் பதில்.

கொம்யூன் என்ற சொல்லே பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனது. 1880-ல் வந்த ஆணையின் மூலம் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள் ஆயின. அடுத்த வருஷம், 1881-ல், பிரான்ஸ் தேசத்தில் ஒரு சட்டம் வந்தது: கல்லறைத் தோட்டத்தை மதவாரியாகப் பிரித்து வைக்கக் கூடாது என்று. 1904-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதுவரை மாதா கோயில்கள் கையில் இருந்த சவ அடக்க வேலையை அது கொம்யூனிடம் ஒப்படைத்தது. பிணத்தை எடுத்துச் செல்கிற வண்டி, பெட்டி, புதைக்கவும் எரிக்கவும் வேண்டிய ஆட்கள் எல்லாமே கொம்யூனின் பொறுப்பு, ஏழைக்கு இலவசம். 1993-ல் தனியாருக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆனாலும் அதைப் பொதுச் சேவை என்றுதான் சட்டம் இன்றும் சொல்கிறது. அங்கே கொம்யூன் எல்லைக்குள் யார் செத்தாலும் அந்தக் கொம்யூன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கலாம்.

இங்கே என்ன நடந்தது? அவரவர் ஜாதி வழக்கப்படியே நியாயம் வழங்குவோம் என்று 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணையிலேயே பிரெஞ்சுக்காரன் எழுதிக் கொடுத்துவிட்டான். சமத்துவம், சகோதரத்துவம் என்று தன் நாட்டுக் கட்டடங்களின் நெற்றியில் எழுதியவன், நம் ஊர்ச் சுடுகாட்டில் ஜாதிக்கு வணக்கம் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். கொம்யூன் என்ற பெயர் கப்பலேறி வந்தது. கொம்யூனின் கடமை வரவில்லை. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் மாறியது. 1973-ல் நமக்கென்று கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் செய்துகொண்டோம். 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை, 38 வருஷம், காத்திருந்தோம். அந்த மன்றங்களின் காலமும் 2011-ல் முடிந்தது. உயிரோடிருப்பவன் ஓட்டுக்கே இந்தக் கதி என்றால், செத்தவன் குழியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வில்லியனூர்த் தேரோட்டத்துக்குப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்களும் விடாமல் காப்பாற்றி வந்தார்கள். தேர் வடத்தைப் பிடிக்கத் தெரிந்த சர்க்காருக்கு மண்வெட்டியைப் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

"சர்க்கார் கையில் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தோமே!" என்று ஒருவர் குறுக்கிடுவார். 2020 ஜூனில், கொரோனாவில் இறந்த ஒருவரின் உடலைப் புதுச்சேரியில் ஊழியர்கள் குழிக்குள் வீசியதை நாடே படமாகப் பார்த்தது. வெட்கக்கேடுதான். ஆனால் அந்தக் காட்சி எனக்குச் சொல்வது வேறு. பிணத்தை எப்படித் தூக்குவது, எப்படி இறக்குவது, துணி விலகாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் ஒரு வித்தை. அதை ஒரு ஜாதியின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் கற்றுக் கொள்ளாமலே இருந்துவிட்டோம். அதன் பலனை அன்று பார்த்தோம். கற்றுக் கொடுத்தால் யாருக்கும் வரும். சென்னை வேலங்காட்டில் ஒரு தொண்டு நிறுவனம் சுடுகாட்டை ஏற்றுப் பெண்களைப் பொறுப்பில் வைத்து நடத்திக் காட்டியதே! பெண் மயானத்துக்கே வரக் கூடாது என்றிருந்த ஊரில் பெண்கள் அதை நிர்வாகம் செய்தார்கள். அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

எரிவாயு மேடை கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற யோசனையும் எனக்குச் சம்மதமில்லை. மேடை நல்லதுதான், விறகு மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் அந்த மேடையின் குழாயைத் திருகுவதற்கும் காலனியிலிருந்தே ஆள் தேடினால், சிதைதான் மாறியிருக்கும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கொம்யூனிலும் மயானப் பணிக்கு நிரந்தர உத்தியோகம் போடுங்கள்: மாதச் சம்பளம், கையுறை, காலணி, வைத்தியச் செலவு, ஓய்வூதியம் எல்லாவற்றோடும். அதற்கு எந்த ஜாதிக்காரரும் மனுப் போடலாம் என்று எழுதி ஒட்டுங்கள். முதல் சில வருஷங்கள் எந்த ஜாதியாரும் வரமாட்டார்கள் என்றால், வருகிற வரைக்கும் சம்பளத்தை உயர்த்துங்கள். ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்றிருக்கிற மயானங்களை ஒன்றாக்கி, ஒரே பாதை போடுங்கள். பறை, சங்கு, குழி, சிதை எல்லாவற்றுக்கும் கட்டணம் எழுதிய பலகையை மயான வாசலில், அரிச்சந்திரன் பக்கத்திலேயே நடுங்கள். சம்பளக்காரர் வருகிற வரைக்குமாவது அந்தக் கட்டணத்தைக் கையில் எண்ணிக் கொடுங்கள். பரம்பரையாகச் செய்து வந்த குடும்பம் விருப்பப்பட்டு இதே தொழிலைத் தொடர்ந்தால் தாராளமாகத் தொடரட்டும். கடைத்தெருவில், ஐஸ் பெட்டிக் கடைக்குப் பக்கத்தில், தன் குடும்பப் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை மாட்டட்டும். அதற்குக் கடன் கொடுக்கவும் இடம் கொடுக்கவும் கொம்யூன் முன்வரட்டும்.

திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் அஸ்தியைக் கரைக்கிறோம். காசிக்குக் கொண்டு போன அஸ்தி அந்த இடத்தில் பூவாக மாறியது என்பது தலபுராணம். தகப்பனின் எலும்பைப் பூவென்று நினைக்கிற பக்தி நமக்கு இருக்கிறது. சாம்பலில் துழாவி அந்த எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பால் தெளித்துக் கலயத்தில் எடுத்துக் கொடுத்தவர் பெயரென்ன என்று கேட்டால், பல பேருக்குத் தெரியாது. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். அவர் பழக்கத்தில் "பார்த்துக் குடுங்க" என்பார். விடாதீர்கள், அவர் ஒரு தொகையைச் சொல்லும் வரைக்கும் நில்லுங்கள். சொன்ன தொகையைக் குறைக்காமல் கொடுங்கள்.